ஒரு சட்டைக்கும் ஓர் அச்சு



மனிதன் உடுக்கும் உடை முதற்கண் அவன் உடலைக் காத்தது. பின்னர் அவன் மானத்தைக் காத்தது. இக்காலத்தில் அது மூன்றாவது பணி ஒன்றையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உடை பேசத் தொடங்கிவிட்டது. உங்கள் கல்லூரி வாயிலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஒருவன் மார்பில் புலி ஒன்று உறுமும். மற்றொருவன் மார்பில் ஒரு நடிகர் சிரிப்பார். ஒரு மாணவியின் சட்டையில் கணக்குச் சூத்திரம் ஒன்று இருக்கும். இன்னொருவன் சட்டையில் உள்ள வாசகத்தின் பொருள் அவனுக்கே தெரிந்திராது. இவற்றை வரைபவர் யார்? அச்சிடுபவர் யார்? ஒரு மேசையும் ஒரு கணிப்பொறியும் தவிர வேறு முதல் இல்லாத ஓர் இளைஞன், தான் வரைந்த படத்தைச் சட்டையில் ஏற்றி, முன்பின் அறியாத ஊர்களுக்கெல்லாம் இணையத்தின் வழியே விற்கலாம் என்கிறார்களே, அஃது எவ்வாறு? அதில் ஆதாயம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் நலம் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். ஆதலின் நமக்குத் தெரிந்த பனியனிலிருந்தே தொடங்குவோம். டி-ஷர்ட் என்பது கழுத்துப்பட்டையும் பொத்தான் வரிசையும் இல்லாத பின்னலாடை. அதனை விரித்து வைத்தால் ஆங்கில எழுத்தாகிய ‘டி’யைப் போலத் தோன்றும், அதனால் அப்பெயர் பெற்றது. 1913-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கடற்படையினர்க்கு உள்ளாடையாக வழங்கப்பெற்ற இவ்வாடை, 1951-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ என்னும் நடிகர் அதனையே மேலாடையாக அணிந்து தோன்றிய பின்னர் இளைஞரின் விருப்ப உடையாயிற்று. 1977-இல் நியூயார்க் மாநிலத்தின் சுற்றுலா வளர்ச்சிக்காக மில்ட்டன் கிளேசர் என்னும் ஓவியர் மூன்று எழுத்துகளையும் ஒரு சிவந்த இதயக் குறியையும் இணைத்து ஒரு சின்னம் வரைந்தார். ‘நான் நியூயார்க்கை நேசிக்கிறேன்’ என்பது அதன் பொருள். அதற்காக அவர் ஊதியம் பெறவில்லை. ஆயினும் அச்சின்னம் பொறித்த சட்டை உலகெங்கும் சென்றது. வெறும் பருத்திச் சட்டையின் மதிப்பு வேறு. அதன்மேல் ஓர் எண்ணம் ஏறிய பின்னர் அதன் மதிப்பு வேறு என்பதை அது எடுத்துக்காட்டியது.

இனி, அவ்வெண்ணம் துணியில் ஏறும் வகையை நோக்குவோம். நெடுங்காலமாக வழங்கிவரும் முறை திரை அச்சு முறையாகும். தொழில் நடக்குமிடங்களில் இதனை ஸ்கிரீன் பிரிண்டிங் என்றே சொல்வர். ஒரு சட்டத்தில் நுண்ணிய வலையை இழுத்துக் கட்டி, ஒளிபட்டால் இறுகும் பசையை அதன்மேல் பூசுவர். படத்தின் நிழல் விழும்படி ஒளி பாய்ச்சுவர். ஒளி படாத இடத்துப் பசை, நீரில் கழுவும்போது கரைந்துவிடும். அவ்வழியே மையைத் தேய்த்து இறக்கினால் கீழேயுள்ள துணியில் படம் பதியும். ஒரு நிறத்திற்கு ஒரு சட்டம் வேண்டும். நான்கு நிறமுள்ள படத்திற்கு நான்கு சட்டங்கள் செய்து, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தும்படி அமைத்தல் வேண்டும்.

இம்முறையின் பொருளாதாரத்தை எளிய கணக்கால் காண்போம். ஒரு சட்டம் ஆயத்தம் செய்ய 500 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். நான்கு சட்டங்களுக்கு 2,000 ரூபாய். நீங்கள் ஆயிரம் சட்டைகள் அச்சிட்டால் அச்செலவு சட்டை ஒன்றுக்கு 2 ரூபாயாகப் பங்கிடப்படும். ஒரே ஒரு சட்டை அச்சிட்டாலோ அந்த ஒன்றே 2,000 ரூபாயையும் சுமக்க வேண்டும். ஆகவேதான் அச்சிடுவோர் ‘ஐம்பதுக்குக் குறையாமல் வேண்டும்’ என்றும், ‘நூறாவது வேண்டும்’ என்றும் கூறினர். அஃது அவர்தம் பிடிவாதமன்று, முறையின் இயல்பு. அதன் விளைவு யாது? வாங்குவோர் யார் என்று அறியுமுன்னரே பொருளைச் செய்து குவிக்க வேண்டியதாயிற்று. பணம் உடையவனே இத்தொழிலில் இறங்க முடிந்தது. படம் வரையத் தெரிந்தும் பணம் இல்லாதவன் வெளியே நின்றான்.

1990-களின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. காகிதத்தின்மேல் மையைத் துளித்துளியாகத் தெளித்து அச்சிடும் கருவியை நீங்கள் அலுவலகங்களில் கண்டிருப்பீர்கள். அம்முறையையே துணிக்கும் பொருத்திப் புதிய இயந்திரங்களை அமைத்தனர். சட்டையை ஒரு பலகைமேல் மாட்டி உள்ளே செலுத்தினால், கணிப்பொறியிலுள்ள படத்தை இயந்திரம் நேரே துணியின்மேல் வரைந்துவிடுகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் கலப்பால் எண்ணற்ற வண்ணங்கள் பிறக்கின்றன. கறுப்புச் சட்டையாயின் முதலில் வெள்ளை மையை அடித்தளமாக இட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறது. அதன்பொருட்டுத் துணியில் ஒரு நீர்மத்தை முன்கூட்டியே தெளித்து உலர்த்துவர். இன்றேல் வெள்ளை மை நூலுக்குள் இறங்கி மறைந்துபோகும். இறுதியாக, ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மையை இறுகச் செய்வர். மெல்லிய தாளில் அச்சிட்டு, ஒட்டும் தூள் தூவி, வெப்ப அழுத்தத்தால் துணிக்கு மாற்றும் மற்றொரு முறையும் இன்று பரவியுள்ளது. இவ்விரு முறைகளிலும் நிறத்திற்கொரு சட்டம் என்னும் தேவை இல்லை. முதற்சட்டைக்கும் நூறாம் சட்டைக்கும் அச்சுச் செலவு ஏறத்தாழ ஒன்றே. எனவே ஒரே ஒரு சட்டைக்காகவும் அச்சு இயந்திரத்தை ஓட்டலாம் என்றாயிற்று. ஒரு சட்டைக்கும் ஓர் அச்சு! இவ்வணிகம் முழுவதற்கும் அடிப்படை இதுவே.

இத்துறையில் எழுந்த நிறுவனங்கள் பல. அமெரிக்காவில் 1999-இல் கஃபேபிரஸ் தொடங்கப்பெற்றது. 2000-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் இரண்டு இளைஞர்கள் ஆயிரம் டாலர் முதலில் திரெட்லெஸ் என்பதைத் தொடங்கினர். ஓவியர்கள் அனுப்பிய படங்களுக்குப் பொதுமக்களே வாக்களித்தனர். தேர்வு பெற்ற படங்களே அச்சேறின. அச்சிடுமுன் வாங்குவோரின் மனத்தை அறிந்துகொண்ட திறம் அது. செருமனி நாட்டு லைப்சிக் நகரில் வணிகவியல் மாணவராக இருந்த லூகாஸ் கடோவ்ஸ்கி, மத்தியாஸ் ஸ்பீஸ் என்பாருடன் சேர்ந்து 2002-இல் ஸ்பிரெட்ஷர்ட்டை நிறுவினார். 2006-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரெட்பபிள் தோன்றியது. 2011-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாணவர்கள் வழக்கமாகக் கூடிய ஒரு மதுவிடுதி மூடப்பட்டது. அதன் நினைவாகச் சட்டை அச்சிட விரும்பிய இளைஞர் இருவர், வேண்டுவோரிடம் முன்னதாகவே பணம் பெற்று, போதிய எண்ணிக்கை சேர்ந்த பின்னரே அச்சிட்டனர். டீஸ்பிரிங் என்னும் நிறுவனம் அதிலிருந்தே பிறந்தது. அவர்கள் நினைவுகூர்ந்த இடத்தை விட்டுவிடுங்கள். அவர்கள் கண்ட வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லாத்வியா நாட்டோடு தொடர்புடைய பிரின்ட்ஃபுல் 2013-இலும், பிரின்டிஃபை 2015-இலும் தோன்றி, 2024-இன் இறுதியில் ஒன்றிணைவதாக அறிவித்தன. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற நம் திருப்பூரிலும் ஒற்றைச் சட்டைகளை அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்கள் இன்று இயங்குகின்றன.

வேலை நடைபெறும் வகை இது. நீங்கள் படத்தை வரைந்து நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றுகிறீர்கள். சட்டையின் நிறம், அளவு, படம் அமையும் இடம் ஆகியவற்றைக் குறிக்கிறீர்கள். அப்படம் பொறித்த சட்டையின் தோற்றம் திரையில் காட்டப்படுகிறது. உண்மையில் அச்சட்டை இன்னும் பிறக்கவில்லை. எங்கோ ஒருவர் அதனை விரும்பிப் பணம் செலுத்திய பின்னரே இயந்திரம் இயங்குகிறது. அச்சாகும் சட்டை கூரியர் வழியே அவர் வீடு சேர்கிறது. நீங்கள் அச்சட்டையைக் கண்ணாற் காண்பதும் இல்லை. கையால் தொடுவதும் இல்லை. இதில் இரு வகை உண்டு. நிறுவனமே சந்தையை நடத்தி, விற்பனை ஒவ்வொன்றிலும் ஓவியர்க்கு உரிமைப் பங்கு தருவது ஒரு வகை. அங்கே கூட்டம் உண்டு. ஆனால் பங்கு சிறிது. நீங்களே கடை நடத்த, நிறுவனம் அச்சகமாக மட்டும் பணியாற்றுவது மற்றொரு வகை. இங்கே விலையை வைப்பவர் நீங்கள். ஆனால் வாங்குவோரைத் தேடி அழைத்து வரும் பொறுப்பும் உங்களுடையதே.

‘முதல் இல்லாத வாணிகம், படுத்துறங்கும்போதும் பணம் சேரும்’ என்று இதனைப் புகழ்வோர் பலர். நான் கணக்கு ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன். புகழ்ச்சியைக் கேட்டவுடன் கரும்பலகையைத் தேடுவது என் வழக்கம். ஒரு சட்டையை 500 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். சட்டைக்கும் அச்சுக்கும் 290 ரூபாய். கூரியர் கட்டணம் 70 ரூபாய். பணம் பெற்றுத் தரும் சேவைக்கு 12 ரூபாய். எஞ்சுவது 128 ரூபாய். நன்றே! ஆனால் வாங்குவோர் உங்கள் கடையை எவ்வாறு அறிவர்? விளம்பரம் செய்கிறீர்கள். ஒருவரை வாங்கச் செய்வதற்கு 100 ரூபாய் விளம்பரம் செலவானால் எஞ்சுவது 28 ரூபாய். இருபது பேரில் ஒருவர் சட்டை பொருந்தவில்லை என்று திருப்பி, வேறு அளவில் மாற்றுச் சட்டை பெற்றால், அதற்கான 290 ரூபாயும் கூரியருக்கான 70 ரூபாயும் உங்கள் தலையில் விழும். அந்த 360 ரூபாயை இருபது சட்டைகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 18 ரூபாய். இப்போது கையில் நிற்பது 10 ரூபாய். 500 ரூபாய்ச் சட்டையில் 10 ரூபாய்! வரியையும் உங்கள் உழைப்பையும் இக்கணக்கில் நான் இன்னும் சேர்க்கவில்லை. இவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்களே. உங்கள் எண்களை நீங்களே இட்டுப் பாருங்கள். வழி மாறாது.

அவ்வாறாயின் நூறு சட்டைகளை மொத்தமாக அச்சிட்டு வைத்துக்கொள்வது மேலன்றோ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. மொத்தமாக அச்சிட்டால் ஒன்று 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது எனக் கொள்வோம். நூறு சட்டைகளுக்கு 18,000 ரூபாயை முன்னதாகவே செலுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் 500 ரூபாய்க்கு விற்று, கூரியருக்கும் பணச் சேவைக்குமாக 82 ரூபாய் கழித்தால் 418 ரூபாய் கைக்கு வரும். முதலை மீட்பதற்கே 44 சட்டைகள் விற்றாக வேண்டும். முப்பது சட்டைகளே விற்றால் 5,460 ரூபாய் இழப்பு. ஒன்றொன்றாக அச்சிடும் முறையில் அதே முப்பது சட்டைகளுக்கு 3,840 ரூபாய் ஆதாயம். அறுபத்திரண்டு சட்டைகள் வரை ஒன்றொன்றாக அச்சிடுவதே நலம். அறுபத்து மூன்றாம் சட்டையிலிருந்து மொத்த அச்சே வெல்லும். விற்கும் எண்ணிக்கையை ஒரு மாறியாகக் கொண்டு நீங்களே சமன்பாடு அமைத்துச் சரிபாருங்கள். ஆகவே இப்புதிய முறை மிகுந்த ஆதாயம் தரும் முறையன்று. பேரிழப்பிலிருந்து காக்கும் முறை என்பதே உண்மை. கல்லூரி விழாவுக்கு இருநூறு சட்டைகள் உறுதியாக வேண்டுமாயின் திரை அச்சுக்குச் செல்லுங்கள். எத்தனை விற்கும் என்று அறியாத நிலையில் ஒற்றை அச்சை நாடுங்கள்.

விற்காத சட்டையால் இழப்பு நம் பைக்கு மட்டுமன்று. ஒரு பருத்திச் சட்டை உருவாக, பருத்திச் செடிக்குப் பாய்ச்சும் நீர் முதலாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று உலக இயற்கை நிதியம் குறித்துள்ளது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு அடைந்த துன்பத்தை நாம் அறிவோம். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம், கழிவு நீரை வெளிவிடாத நிலையை எய்தும் வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டதும் அதன் தொடர்ச்சியே. உடுத்த ஆளில்லாமல் அட்டைப் பெட்டியில் மட்கும் சட்டையும் அந்நீரைக் குடித்தே பிறந்தது. வேண்டியவர்க்கு வேண்டிய ஒன்றை மட்டும் செய்தல் என்னும் நெறியில் இத்தொழில் ஒரு நன்மையை உடையது. ஆயினும் ஒரு முறை உடுத்தி எறியும் வேடிக்கை வாசகங்களை விற்றால் அந்நன்மையும் அழிந்துவிடும்.

அடுத்து, படத்தின் தகுதியைப் பற்றிச் சில சொற்கள். மார்பில் அமையும் படம் 12 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உடையது எனக் கொள்வோம். தெளிவான அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். எனவே அகலத்தில் 3,600 புள்ளிகளும் உயரத்தில் 4,800 புள்ளிகளும் தேவை. கைப்பேசியில் நண்பர் அனுப்பிய படம் 1,080 புள்ளி அகலமே உடையதாயின், அங்குலத்திற்கு 90 புள்ளிகளே கிடைக்கும், அச்சு மங்கலாகும். திரையில் பார்ப்பது ஒளியின் நிறம். துணியில் பதிவது மையின் நிறம். திரையில் மின்னும் பச்சை துணியில் அடங்கியே தோன்றும். ஆகையால் விற்பனைக்கு வைக்குமுன் ஒரு சட்டையை உங்கள் செலவில் வரவழைத்து, பலமுறை துவைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளப்பர். 180 கிராம் துணி பரவலாக வழங்குகிறது. இவ்விவரத்தையும் மார்பளவு, நீளம் ஆகியவற்றின் பட்டியலையும் தெளிவாகக் காட்டுங்கள். அச்சில் பிழை நேர்ந்தால் அச்சகம் பொறுப்பேற்கும். அளவைத் தவறாகத் தேர்ந்தால் பெரும்பாலான அச்சகங்கள் பொறுப்பேற்பதில்லை.

தமிழ் எழுத்துகளைப் பொறிக்க விரும்புவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘கெ’ என்னும் எழுத்தைக் கணிப்பொறி தன் நினைவில் வைக்கும்போது ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாக வைக்கிறது; திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னால் கொணர்கிறது. இவ்விடமாற்றத்தை அறியாத மென்பொருளில் கொம்பு எழுத்தின் பின்னே நின்றுவிடும். புள்ளியும் இடம் பெயரும். தமிழறியாத இயந்திரக்காரர் அதனை அவ்வாறே அச்சிட்டும் அனுப்பிவிடுவார். எனவே எழுத்துகளைப் படமாக மாற்றிய பின்னரே அனுப்புங்கள். சந்திப்பிழையும் ஒற்றுப்பிழையும் இல்லையென்று இருவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். தேர்வுத்தாளில் செய்த பிழையைத் திருத்துபவர் ஒருவரே காண்பர். சட்டையில் செய்த பிழையை ஊரே படிக்கும்.

இனி, உரிமை பற்றிய செய்தி. இணையத்தில் கண்ட படமெல்லாம் பொதுச் சொத்தன்று. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி ஓர் ஓவியத்தின் உரிமை ஓவியர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். நிறுவனங்களின் சின்னங்களை 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் காக்கிறது. புகழ்பெற்றோரின் பெயரையும் தோற்றத்தையும் அவர் இசைவின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தலும் வழக்கிற்கு இடமாகும். நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2015-இல் அவ்வுரிமையை ஏற்றது. தேசியக் கொடியின்மேல் எழுத்துப் பொறித்தலைச் சட்டம் அவமதிப்பாகவே கருதுகிறது. பயன்படுத்தும் எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. ‘நோட்டோ’ வரிசைத் தமிழ் எழுத்துருக்கள் போலத் திறந்த உரிமம் உடையவற்றைத் தேர்ந்தால் அக்கவலை இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் பெற்றோர் வாயிலாகவே இதில் ஈடுபடுதல் முறை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆடைக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. இணையச் சந்தையின் வழியே தம் பெயரில் பிற மாநிலங்களுக்கும் விற்போர் வரித்துறையில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

சட்டத்தினும் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ஆம் ஆண்டில் பிரிட்டன் அரசு தன் மக்களுக்கு ஊக்கமூட்ட ஒரு சுவரொட்டியை அச்சிட்டது. ‘அமைதி காத்து, கடமையைத் தொடர்க’ என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் அவ்வாசகத்தின் முற்பகுதியை வைத்துக்கொண்டு பிற்பகுதியை மாற்றி எத்தனையோ சட்டைகள் வந்தன. ஒரு சிறு நிறுவனம், அகராதிச் சொற்களைக் கணிப்பொறி தானே கோத்து எண்ணற்ற வாசகங்களை ஆக்குமாறு செய்து, அவற்றை அப்படியே இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்தது. அவ்வாசகங்களை எவரும் சரிவரப் படித்துப் பார்த்திலர். 2013 மார்ச்சு மாதத்தில், பெண்களைத் துன்புறுத்துமாறு ஏவும் கொடிய வாசகங்கள் அவற்றுள் இருப்பதை மக்கள் கண்டு வெகுண்டனர். அவை உடனே நீக்கப்பட்டன. எனினும் அந்நிறுவனம் சில திங்களில் மூடப்பட்டது. ‘இயந்திரம் செய்தது, நாங்கள் அறியோம்’ என்ற மறுமொழியை எவரும் ஏற்கவில்லை. ஏற்காதது நேரியதே. சட்டையைத் தொடாமலே விற்கலாம். சொல்லைப் படிக்காமலே விற்கலாகாது. இன்று ஒரு வரி கட்டளையிட்டால் கணிப்பொறி நொடியில் படமும் வரைந்து தருகிறது. ஆகவே இப்பாடம் முன்னினும் இன்று நமக்கு மிகுதியாக வேண்டப்படுவது.

என் மாணவி ஒருத்தி. தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. இவ்வணிகத்தைக் கற்பிப்பதாகவும், மாதந்தோறும் பெரும்பணம் வரும் என்றும் விளம்பரம் செய்த ஒரு பயிற்சிக்கு 20,000 ரூபாய் கட்டுவதற்காக, மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று அவர் என்னைக் கேட்க வந்தார். நான் அம்மாணவியிடம் இரண்டே வினாக்கள் வினவினேன். ‘நீ வரையும் படத்தை உடுத்த விரும்புவோர் யார், அம்மா? அவர்களுள் எத்தனை பேரை உனக்குத் தெரியும்?’ அவளிடம் உடனே விடை இல்லை. புலியும் சிங்கமும் வரைந்து வைத்திருந்தாள். அவற்றை ஆயிரம் பேர் முன்னரே வரைந்திருந்தனர். ஆனால் அவள் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் ஊர் ஏரியில் கண்ட பறவைகள் இருந்தன. நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி என்று பெயரெழுதி வரைந்திருந்தாள். அந்நகை பெட்டியிலேயே இருந்தது. பயிற்சியில் கற்பிக்கப்படும் செய்திகளை அச்சகங்களின் விளக்கப் பக்கங்களிலிருந்தே செலவின்றிக் கற்றாள். பறவை காண்போர் குழுக்களுக்குத் தன் படங்களைக் காட்டினாள். ஓராண்டில் விற்றவை 41 சட்டைகள். விளம்பரச் செலவு இல்லாமையால், சற்றுமுன் நாம் கண்ட கணக்கை ஒட்டியே, 5,248 ரூபாய் கிடைத்தது. நூறு சட்டைகளை முன்னரே அச்சிட்டிருப்பின் 862 ரூபாய் இழந்திருப்பாள். அத்தொகையால் குடும்பம் உயர்ந்துவிடவில்லை. ஆனால் அவள் ஒரு தூரிகைத் தொகுதி வாங்கினாள். விலை வைக்கவும், கணக்கு எழுதவும், வாங்குவோர்க்குப் பணிவாக மறுமொழி கூறவும் கற்றாள். கடன் ஒன்றும் இல்லை.

இளைஞர்களே! இத்தொழில் தொடங்குவதற்குப் பெருமுதல் வேண்டா, கடை வேண்டா, கிடங்கும் வேண்டா. ஆனால் இவை குறைந்த அளவுக்குப் பொறுப்புக் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். எதை வரைவது, யாருக்காக வரைவது, என்ன விலை வைப்பது, எந்தச் சொல்லை மனிதர் மார்பில் ஏற்றுவது ஆகிய நான்கையும் எந்த இயந்திரமும் உங்களுக்காகத் தீர்மானிக்காது. அவை உங்கள் மதியின் பாற்பட்டவை. இயந்திரம் எல்லார்க்கும் பொது. அதே அச்சகம், அதே சட்டை, அதே மை உங்கள் போட்டியாளருக்கும் கிடைக்கும். வேறுபடுவது எண்ணம் ஒன்றே. அவ்வெண்ணமும் பிறரிடமிருந்து எடுத்ததாயின் உங்களுடையது என்று சொல்ல எஞ்சுவது யாது?

ஆகவே, இதில் ஈடுபட விரும்புவோர் இன்றே கடை திறக்க விரைய வேண்டா. முதலில் ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கத்தில் நீங்கள் நன்கு அறிந்த ஒரு பொருளை வரையுங்கள். மறுபக்கத்தில் நான் சொன்ன கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு எழுதுங்கள். இரு பக்கமும் உங்களுக்கு நிறைவளித்தால், ஒரே ஒரு சட்டையை அச்சிட்டு வரவழையுங்கள். அதனை முதலில் நீங்கள் உடுத்துங்கள். உங்கள் தாயின் முன்னும் ஆசிரியரின் முன்னும் கூசாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியுமாயின் அச்சட்டையை உலகுக்கு விற்கலாம்.